ராஜராஜ சோழனைத் தெரியும், பாட்டியோட அம்மா பேர் தெரியாது

நீளமான இழை. திட்டணும்னு நினைக்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போற ரோட்டுல, முகூர்த்த நாளா பார்த்து, பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து ஒரு தடவை போய்ப் பாருங்க. மண்டப வாசல்ல ப்ளெக்ஸ். மாப்பிள்ளை கையில வாள், பின்னாடி புலி, அதுக்கும் பின்னாடி தஞ்சாவூர் பெரிய கோயில், மேலே கொட்டை எழுத்துல 'ஆண்ட பரம்பரை'. அடுத்த ஊர் மண்டபத்துல வேற சாதி. அதே வாள், அதே புலி, அதே கோயில். ப்ளெக்ஸ் கடைக்காரர் ஒரே டிசைனை வச்சு எல்லாருக்கும் அடிச்சுக் கொடுக்கிறார். இந்தப் பரம்பரையால நிஜமா வருமானம் வர்றது அவருக்கு மட்டும்தான்.

ராஜராஜ சோழன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு ஆளை எங்க முப்பாட்டன்னு அடிச்சுச் சொல்றீங்க. சரி. உங்க அப்பாவைப் பெத்த பாட்டியோட அம்மா பேர் என்ன? எந்த ஊர்லேருந்து வாக்கப்பட்டு வந்தாங்க? எத்தனை பிள்ளை பெத்தாங்க, அதுல எத்தனை தங்குச்சு? எத்தனை வயசுல, எதனால செத்தாங்க?

அவங்க காலம் முடிஞ்சு நூறு வருஷம்கூட ஆகியிருக்காது. தெரியாதில்ல?

வம்புக்குக் கேக்கல. அரசு ஆஸ்பத்திரி டாக்டரா தினமும் நான் கேக்கற கேள்விதான் இது. கேஸ் ஷீட்ல குடும்ப வரலாறுன்னு ஒரு பகுதி இருக்கு. நெஞ்சுவலின்னு 38 வயசு ஆள் வந்து உட்கார்றார். அப்பா இருக்காரான்னு கேட்டா, இல்ல சார், நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாரு. எதனால? திடீர்னு. திடீர்னான்னா? வயல்லேருந்து வந்தாரு, படுத்தாரு, போயிட்டாரு. அப்ப என்ன வயசு? தெரியல சார், வயசானவருதான். கூட வந்த அத்தையைக் கேட்டா கணக்குப் போட்டு நாப்பத்தி ரெண்டு இருக்கும்னு சொல்றாங்க.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65 வயசுக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா, நம்ம இதயத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பார்க்கணும். அந்த ஒரு தகவல் எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சமம், செலவும் கிடையாது. ஆனா பத்துல எட்டு பேருக்கிட்ட அது இருக்கறதில்லை. காமாலை, வயித்துல கட்டி, காத்து சேஷ்டை, மாரடைச்சுப் போச்சு, வயசாயிடுச்சு. எங்க மக்களோட முன்னோர் எல்லாரும் இந்த அஞ்சு காரணத்தாலதான் செத்திருக்காங்க.

இப்ப பரம்பரைக் கணக்குக்கு வருவோம். ஒரு தலைமுறைக்குக் கிட்டத்தட்ட 28, 29 வருஷம்னு வச்சா ஆயிரம் வருஷத்துக்கு 35 தலைமுறை. எல்லாருக்கும் அப்பா அம்மா ரெண்டு, தாத்தா பாட்டி நாலு, அடுத்தது எட்டு. பத்து தலைமுறை மேல போனா 1,024 இடம். 35 தலைமுறைக்குப் போனா 3,400 கோடிக்கு மேல. அன்னைக்கு உலகத்துலயே அத்தனை மனுசங்க கிடையாது. அதனால அதே ஆட்கள்தான் மரத்துல திரும்பத் திரும்ப வர்றாங்க. மாமன் மகள், அக்கா மகள்னு கட்டற ஊர்ல இன்னும் சீக்கிரமா வருவாங்க. கடைசி தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நாலுல ஒண்ணுக்கும் மேல கல்யாணம் சொந்தத்துலதான். ராஜராஜனுக்கு இன்னைக்கு வாரிசு இருந்தா அது எத்தனையோ வீட்டுக்குள்ள கரைஞ்சு கிடக்கும், அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாம. அவருக்குக் கோயில் கட்டக் கல் இழுத்தவனும், அவர் யானைக்குத் தழை வெட்டினவனும் உங்க மரத்துல இருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கு. எண்ணிக்கையில அவங்கதான் அதிகம், அதனால வாய்ப்பும் அதிகம்.

அந்தக் கோயில் சுவத்தையே எடுத்துக்கோங்க. பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டு வந்து குடியேத்தின கணக்கு இருக்கு. எந்த ஊர்க் கோயில்லேருந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எந்தச் சிறகுல எத்தனையாவது வீடு, பேர் என்ன, எல்லாம் இருக்கு. ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். திருவாரூர்லேருந்து வந்தவங்களும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சாதாரணப் பெண்களோட பேர், விலாசத்தோட! உலகத்துல எத்தனை ஊருக்கு இந்த பாக்கியம் இருக்கும்னு தெரியல. நானூறு பேருக்கு வாரிசே இல்லாமலா போயிருக்கும்? 'தளிச்சேரி நக்கன் வழி வந்தோம்'னு எவனாவது ப்ளெக்ஸ் அடிச்சிருக்கானா?

அதே கோயில் கல்வெட்டுகள்ல வரி நீக்கின நிலக் கணக்குல பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருது. அங்க இருந்தவங்களுக்குப் பேர் இல்ல. சேரி ஒரு நில அளவு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்றேன். பேரளம் பக்கத்துல திருப்பாம்புரம். அங்க மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, வருஷம் 1201. பஞ்சம். ஒரு வேளாளர் தன்னையும் தன்னோட ரெண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமையா வித்துக்கிட்டார். சோழர் ஆட்சியில, காவிரி பாயற ஊர்ல, நிலத்தோட தொடர்புள்ள சாதிக்காரருக்கே இந்தக் கதி. ஆண்ட பரம்பரைன்னு அடிச்சுக்கறவங்க யாருக்கு வேணாலும் இவர் முப்பாட்டனா இருக்கலாம். பொற்காலம்னு பேசறவங்க ஒரு தடவை குடும்பத்தோட திருப்பாம்புரம் போய்ட்டு வாங்க. ராகு கேதுவுக்குப் பரிகாரம் பண்ணத்தான் நிறைய பேர் போறீங்க, அந்தக் கல்லையும் பாருங்க.

சரி, கல்லை விட்டுக் காகிதத்துக்கு வருவோம். நான் இந்த இழையை எழுதறதுக்குக் காரணமே காகிதம்தான்.

வேளாங்கண்ணிக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு இங்க வேலை பார்க்கறவங்களுக்குத் தெரியும். மலேசியா, மொரீஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கா. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு, சாயங்காலம் ஆட்டோ பிடிச்சு ஏதோ ஒரு கிராமத்தைத் தேடுவாங்க. அப்படி வந்த டர்பன் குடும்பம் ஒண்ணு. பெரியவருக்கு வாந்தி பேதி, நம்ம ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கு. அவர் மகள் என்கிட்ட ஒரு நகல் தாளைக் காட்டி, இந்த ஊர் எங்க இருக்குன்னு கேட்டாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தாள்ல என்ன இருந்துச்சு தெரியுமா? எண், பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற அடையாளம். ஜில்லா தஞ்சாவூர். இடது கணுக்காலுக்கு மேல தழும்பு.

நாலு தலைமுறைக்கு முந்தின ஆளோட காலுல இருந்த தழும்பு வரைக்கும் அவங்களுக்குத் தெரியுது. வயல்ல மண்வெட்டி பட்டதா இருக்கலாம். அந்தக் கிராமத்துல இன்னைக்கும் அதே ஆளோட தம்பி வழியில வந்தவங்க இருந்தா, அவங்களுக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

இது எப்படி? 1860 நவம்பர் 16, 'ட்ரூரோ'ங்கற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுலேருந்து 1911 வரைக்கும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியா போனவங்க 1,52,184 பேர். கடைசி ஆள் வரைக்கும் எண்ணிக்கை துல்லியமா இருக்குன்னா காரணம் பாசம் இல்ல. அஞ்சு வருஷ ஒப்பந்தம், தலைக்கு இவ்வளவுன்னு முதலாளி காசு கட்டியிருக்கான். ஓடிப் போனா பிடிக்க அடையாளம் வேணும். அதான் தழும்பு. எழுதின குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதினான், முதலியார் மூட்லி ஆயிட்டார். இருந்தாலும் எழுதினான். இன்னைக்கு அந்தப் பட்டியல்களைக் கணினியில ஏத்தி வச்சிருக்காங்க.

மொரீஷியஸ் இன்னும் மேல. 1834-லிருந்து போன கூலிகளோட பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்துல இருக்கு, பல பேரோட போட்டோவோட. கூலிகள் இறங்கின படித்துறை, ஆப்ரவாசி காட், 2006-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். நம்ம காரைக்கால்லேருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போனவங்களுக்கு அங்க கல்யாணமோ பிரசவமோ சாவோ நடந்தா பிரெஞ்சு அரசாங்கம் சிவில் பதிவேட்டுல ஏத்தினது. அதுல பெரும்பகுதியை இன்னைக்கு வீட்டுல உட்கார்ந்து காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

கப்பல் ஏறின எல்லாருக்கும் இப்படி வாய்க்கல. மலாயாவுக்கு ஒப்பந்த முறை 1910-ல் நின்னு போச்சு, கங்காணி முறை 1938 வரைக்கும் ஓடுச்சு. நாகப்பட்டினம்தான் பெரிய துறைமுகம். ரஜுலா கப்பல் பேரைக் கேக்காத பெருசுங்க நாகையில கிடையாது. அப்படிப் போனவங்கள்ல, அவங்க பிள்ளைங்கள்ல, எத்தனையோ ஆயிரம் பேரை 1942, 43-ல ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஓட்டிக்கிட்டுப் போனான். 415 கிலோமீட்டர். காலராவுலயும் மலேரியாவுலயும் பட்டினியிலயும் செத்தாங்க. காஞ்சனபுரியில அந்தப் பாதையில செத்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறை, ஒவ்வொண்ணும் புல் வெட்டி, பெரும்பாலும் பேர் பொறிச்சு. அதைவிடப் பல மடங்கு செத்த தமிழனுக்கும் பர்மியனுக்கும் ஜாவாக்காரனுக்கும் எண்ணிக்கையே மதிப்பீடுதான். எங்க ஊர்ப் பக்கம் சில வீட்டுல "தாத்தா பினாங்கு போனாரு, திரும்பல"ன்னு ஒரு வரி மட்டும் மிச்சம். அந்த ஒரு வரியையும் சொல்ற பாட்டிங்க இப்ப ஒவ்வொருத்தரா எங்க வார்டுலதான் செத்துக்கிட்டு இருக்காங்க.

இப்ப கரையில நின்னவங்க கதை. கப்பல் ஏறாம இங்கயே நாத்து நட்டவங்க, அண்டை வெட்டினவங்க, களத்துல போரடிச்சவங்க.

நிலம் வச்சிருந்தவனுக்கு ஆவணம் இருக்கு. செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு, பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று. அதைப் பிடிச்சுக்கிட்டே அஞ்சாறு தலைமுறை மேல போயிடலாம். பண்ணையாளுக்கு என்ன இருக்கு? கூலி நெல்லா அளந்தாங்க, கையெழுத்து கிடையாது. குடியிருந்த மனையும் மிராசுதாரோடது. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் ரசீது கொடுத்தவன் யாரும் இல்ல. 1952-ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தப்பதான் இப்படி ஒரு ஆள் இருக்கான்னே அரசாங்கத்தோட சட்டப் புத்தகம் ஒத்துக்கிச்சு.

வேளாங்கண்ணி இருக்கற அதே கீழ்வேளூர் தாலுகாவுலதான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட போராட்டத்துல, ஒரு குடிசைக்குள்ள வச்சு 44 பேரை எரிச்சாங்க. பொம்பளைங்களும் குழந்தைங்களும் வயசானவங்களும்தான் நிறைய. அவங்க பேர் நினைவிடத்துல பொறிச்சிருக்கு. போய்ப் படிங்க, வயசோட படிங்க. ஒரு ஊர் சேரி மக்களோட பேர் கல்லுல ஏறணும்னா எரிஞ்சுதான் சாகணுமா? அந்த வருஷம் அந்தத் தாலுகாவுல காமாலையில, பிரசவத்துல, பாம்பு கடிச்சு செத்த பண்ணையாளுங்க பேர் எங்க?

இருக்கு. அதுதான் நான் சொல்ல வந்தது. இருக்கு, ஆனா செல்லரிச்சுக்கிட்டு இருக்கு.

சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துடுச்சு. கிராம முன்சீப் நோட்டுல ஏத்தினார். நிலம் இல்லாதவன் வீட்டுக் குழந்தையும் அதுல வரும், சேரிச் சாவும் வரும். குழந்தைக்குப் பேர் இல்லாம 'ஆண்', 'பெண்'னு மட்டும் இருக்கலாம். சாவுக்குக் காரணம் பேதி, அம்மை, ஜுரம், இதரன்னு மேலோட்டமா இருக்கலாம். ஆனா தேதி இருக்கும், தாய் தகப்பன் பேர் இருக்கும். ஒரே வாரத்துல ஒரே தெருவுல ஒம்பது பேர் பேதியில போயிருந்தா, அந்தக் காலரா உங்க குடும்பத்தை எப்படி முறிச்சுதுன்னு அந்தப் பக்கம் சொல்லும். படியளக்கறவன் கணக்குல இல்லாத உங்க பாட்டிக்கு இந்த நாட்டுல இருக்கற ஒரே காகிதம் அதுவாத்தான் இருக்கும்.

1980-ல கர்ணம், முன்சீப் பதவியை ஒழிச்சாங்க. ஒழிச்சது சரி. ஆனா அவங்க வீட்டுத் திண்ணையிலயும் பரண்லயும் இருந்த நோட்டுகள் எல்லாம் ஆபீஸ் வந்து சேர்ந்துச்சா? வந்தது தாலுகா ஆபீஸ்ல ஒரு கட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துல ஒரு கட்டு. நடுவுல 1991-ல தஞ்சாவூர்லேருந்து நாகை மாவட்டம் பிரிஞ்சுது, 1997-ல திருவாரூர், 2020-ல மயிலாடுதுறை. ஒவ்வொரு பிரிவினைக்கும் கட்டுகள் லாரி ஏறுது. புயல் வேற. 1952, 1977, அப்புறம் கஜா. நான் ஒரு அலுவலகத்துல பார்த்த கட்டு, எந்த அலுவலகம்னு சொல்ல மாட்டேன், தொட்டா அப்பளம் மாதிரி உதிருது. பக்கத்துலயே டெங்கு விழிப்புணர்வு நோட்டீஸ் புத்தம்புதுசா அடுக்கி வச்சிருக்கு. சட்டப்படி பிறப்பு இறப்புப் பதிவேடு அழிக்கவே கூடாத நிரந்தர ஆவணம். கரையான் அரசாங்க விதி படிக்கறதில்லை.

கூலியாப் போனவனோட முதலாளி வச்சிருந்த காகிதத்தை மொரீஷியஸ்காரன் பொக்கிஷமா வச்சிருக்கான். இங்க சொந்தக் குடிமக்களோட காகிதத்தைச் சொந்த அரசாங்கம் மூட்டை கட்டிப் போட்டிருக்கு. சோழருக்கு விழா எடுக்கற காசுல பாதி போதும், டெல்டாவோட பழைய பதிவேடு எல்லாத்தையும் படம் பிடிச்சு வலைத்தளத்துல ஏத்திடலாம். எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன். சதய விழாவுக்கு வர்ற எந்தச் சாதிச் சங்கமாவது இப்படி ஒரு மனு கொடுத்து நான் பார்க்கல.

அடுத்தது என் துறை சம்பந்தப்பட்டது. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 17 படி யார் வேணாலும் பதிவேட்டுல தேடச் சொல்லலாம், கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். நல்ல பிரிவு. ஆனா கூடவே ஒரு வாசகம்: இறப்பு நகல்ல சாவுக்கான காரணத்தைக் காட்டக் கூடாது. அன்னைக்கு இதுக்கு நியாயம் இருந்துச்சு. காசநோய், தொழுநோய், தற்கொலைன்னு வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க. இன்னைக்கும் எச்.ஐ.வி. விஷயத்துல அந்தப் பாதுகாப்பு வேணும். ஆனா 1950-ல செத்த கொள்ளுத் தாத்தா எதனால செத்தார்னு பேரன் கேட்டா ஏன் மறைக்கணும்? அம்பது வருஷம் ஆன சாவுக்கு வாரிசுகளுக்குக் காரணத்தைச் சொல்லலாம்னு ஒரு வரி திருத்தினா போதும்.

2023 திருத்தத்துல ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. ஆஸ்பத்திரியில யார் செத்தாலும் இறப்புக் காரணச் சான்றோட ஒரு நகலை நெருங்கின உறவுக்குக் கொடுக்கணும். அந்த வருஷம் அக்டோபர் 1-லிருந்து அமல். எத்தனை பேர் கேட்டு வாங்கறீங்க? உடம்பை எப்ப கொடுப்பீங்க, ஆம்புலன்ஸ் எங்கன்னு கேக்கற அவசரம் புரியுது. காரியம் முடிஞ்சாவது வந்து கேளுங்க. கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கற பையில வைங்க. உங்க பேத்திக்கு 2070-ல அது தேவைப்படும்.

இங்க என் சக மருத்துவர்களையும் விடப் போறதில்லை. படிவம் 4-ல முதல் வரியில 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'னு எழுதிட்டுக் கையெழுத்துப் போடற பழக்கம் இருக்கே, அதுக்கு அர்த்தம் இதயமும் மூச்சும் நின்னு போச்சு. செத்தா எல்லாருக்கும் அதுதான் நிக்கும். செத்த விதத்தை எழுதாதே, எந்த நோயால செத்தார்னு எழுதுன்னு அந்தப் படிவமே சொல்லுது. கீழ அடுத்தடுத்து வரி விட்டிருக்கறதே அதுக்குத்தான்: உடனடிக் காரணம், அதுக்குப் பின்னாடி இருந்த நோய், அதுக்கும் அடியில இருந்த மூல நோய். ராத்திரி மூணு மணிக்கு நாலாவது சாவுக்கு எழுதறப்ப எவ்வளவு அலுப்பு இருக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா கிராம முன்சீப் 1910-ல 'இதர'ன்னு எழுதினதைக் கிண்டல் பண்ற தகுதி, ஆறு வருஷம் படிச்சிட்டு அதையே இங்கிலீஷ்ல எழுதற நமக்கு இல்ல.

பேர் இல்லாம சாகறது பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல. வேளாங்கண்ணிக் கடற்கரையில அன்னைக்கு நின்னவங்கள்ல பாதிப் பேர் இந்த ஊர்க்காரங்களே கிடையாது, எங்கெங்கேயோ இருந்து வேண்டுதலுக்கு வந்தவங்க. அடையாளம் தெரியாமலே புதைச்ச உடம்புகள் இந்த மண்ணுல இருக்கு. வேற ஏதோ ஊர்ல ஒரு குடும்பத்துல "வேளாங்கண்ணி போனாங்க, திரும்பல"ன்னு ஒரு வரி இருக்கும். பினாங்கு வரி மாதிரியே.

இனி வரப்போற கமெண்டுகளுக்கு.

"எங்க தாத்தா பண்ணையாள்னு தெரிஞ்சா பிள்ளைங்களுக்கு அசிங்கம் சார்." இதை என்கிட்ட நேர்லயே ஒருத்தர் சொன்னார், படிச்சவர். அசிங்கம் சவுக்கு வச்சிருந்த வீட்டுக்கு இருக்கட்டும். அடி வாங்கிக்கிட்டே நாலு பிள்ளையை வளர்த்து, அதுல ஒண்ணை ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின பொம்பளையோட பேர் உங்க பிள்ளைக்குத் தெரியறதுல என்ன அசிங்கம்? டர்பன்ல, போர்ட் லூயிஸ்ல, கூலியோட எண்ணை பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க.

"பழைய நோட்டுல சாதி இருக்கும், அதைக் கிளறினா சாதி வளரும்." சாதி வளர்றது ப்ளெக்ஸ்ல. நோட்டு அதுக்கு நேர் எதிரி. உட்கார்ந்து நிஜமா தேடினவங்களைக் கேட்டுப் பாருங்க. மூணாவது தலைமுறையிலயே மதம் மாறினவர் ஒருத்தர் வருவார், தத்து எடுத்த பிள்ளை வரும், ரெண்டாவது சம்சாரம் வேற தெருவுலேருந்து வரும், தகப்பன் பேர் எழுத வேண்டிய இடம் காலியா இருக்கும். சுத்த ரத்தம்னு பேசறவனுக்கு அவன் குடும்ப நோட்டே போதும்.

"எச்சில் துப்பித் தபால்ல அனுப்பினா டி.என்.ஏ. டெஸ்ட்ல எல்லாம் வந்துடுமே?" தென்னிந்தியர் இத்தனை சதவீதம்னு கலர் படம் வரும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், கண்ணாடி பார்த்தா போதும். பேரும் ஊரும் காலுல இருந்த தழும்பும் அதுல வராது.

"டாக்டர் வேலையை மட்டும் பாருங்க." அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்க அப்பா எதனால செத்தார்னு முதல்ல சொல்லுங்க.

தேடணும்னு நினைக்கறவங்களுக்கு, வழி கேட்டு இன்பாக்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். முதல்ல வீட்டுல இருக்கற வயசானவங்க, அதுலயும் பொம்பளைங்க. அத்தை, பெரியம்மா, சின்னப் பாட்டி. ஆம்பளைங்களுக்கு நிலமும் சண்டையும்தான் ஞாபகம் இருக்கும், பொம்பளைங்களுக்குத்தான் யார் எப்ப பொறந்தா, எந்தப் பிள்ளை தவறுச்சுன்னு தெரியும். போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. வருஷம் கேட்டா தெரியாது. புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, நேரு செத்தப்ப இடுப்புல எந்தப் பிள்ளைன்னு கேளுங்க. குலதெய்வம் எந்த ஊர்னு கேளுங்க, குடும்பம் எங்கேருந்து வந்துச்சுங்கறதுக்கு அது பல நேரம் நல்ல தடயம். செத்தவங்க எதனால செத்தாங்கன்னு ஒருத்தர் விடாம கேட்டு எழுதி வைங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வர்றப்ப அந்தத் தாளையும் கொண்டு வாங்க, நான் சந்தோஷப்படுவேன்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், இல்லைன்னா தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம். பிரிவு 17-ன்னு மனுவுல எழுதிக் கொடுங்க, வாயால கேக்காதீங்க. ஊர் அந்த வருஷத்துல எந்த மாவட்டம், எந்த தாலுகாவுல இருந்துச்சுன்னு பார்த்துக்கிட்டுப் போங்க. கப்பல் ஏறினவங்க வழின்னா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கூடுதலா ஒரு வழி இருக்கு. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேர் இருக்கறதால சொந்தபந்தமும் பிடிபடும். தரங்கம்பாடியில 1707-ல லுத்தரன் மிஷன்ல முதன்முதலா ஞானஸ்நானம் வாங்கின அஞ்சு பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். அடிமையோட பேரையும் நோட்டுல எழுதின இடங்கள் இந்தக் கடற்கரையில சிலதுதான். வேளாங்கண்ணி 1771-லதான் நாகப்பட்டினத்துலேருந்து பிரிஞ்சு தனிப் பங்காச்சு, அதுக்கு முந்தினதை இங்க தேடாதீங்க.

திருவிழா சமயத்துல, ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேருந்து செப்டம்பர் 8 வரைக்கும், பங்கு அலுவலகத்துப் பக்கம் இதுக்காகப் போகாதீங்க, நிக்க இடம் இருக்காது. மழைக்கு முன்னாடி, வார நாள்ல, காலையில போங்க. பேர், தகப்பன் பேர், ஊர், தோராயமான வருஷம்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க. சும்மா போய் 'பழைய நோட்டு பார்க்கணும்'னு மொட்டையா கேட்டா, யாரா இருந்தாலும் நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுவாங்க.